இருபத்தைந்து டாலர் கூடுதல்

கேள்வி: ஐயா, அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் ஈ. லீ, தனக்குக் கீழே இருந்த ஒரு அதிகாரியிடம் டிராவலர் என்ற சாம்பல் நிறக் குதிரையை 200 டாலருக்கு வாங்கினார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அந்த ஆசிரியர் அடுத்த போர்க்களத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. நான் கூட்டுறவுத் துறையில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவன். போர் நடக்கும்போது தளபதிக்குக் குதிரையை அரசாங்கமே கொடுக்காதா? மேலதிகாரி ஆசைப்பட்டுக் கேட்டால் கீழே இருப்பவர் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அந்த 200 டாலர் நியாயமான விலைதானா, அல்லது ஊர் வாயை மூடக் கொடுத்த தொகையா?

ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தணிக்கை பார்த்தவர் என்று நீங்கள் எழுதாமல் விட்டிருந்தாலும் கேள்வியே காட்டிக்கொடுத்திருக்கும். மற்றவர்கள் டிராவலரின் உயரத்தையும் நிறத்தையும் கேட்பார்கள். நீங்கள் ரசீதைக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதும் அதுதான்.

முதலில் குதிரை. 1857-ல் கிரீன்பிரையர் மாவட்டத்தில், புளூ சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தது. அன்றைக்கு அது வர்ஜீனியா, இன்றைக்கு மேற்கு வர்ஜீனியா. ஜான்ஸ்டன் என்ற குடும்பத்தார் வளர்த்தார்கள். 1859, 1860 இரண்டு ஆண்டும் லூயிஸ்பர்க் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. அப்போது அதன் பெயர் ஜெஃப் டேவிஸ். மிசிசிப்பி செனட்டர் ஜெஃபர்சன் டேவிஸின் பெயர். பின்னாளில் தென் மாநிலக் கூட்டமைப்பின் அதிபரானாரே, அவர்தான். (வேடிக்கை என்னவென்றால், எதிர்த்தரப்புத் தளபதி கிராண்ட் விரும்பி ஏறிய ஒரு மட்டக்குதிரைக்கும் இதே பெயர். 1863-ல் விக்ஸ்பர்க் பக்கம் அதிபர் டேவிஸின் அண்ணன் பண்ணையில் பிடிபட்டதால் அந்தப் பெயர் வந்தது. ஒரே மனிதரின் பெயரில் இரண்டு பக்கமும் குதிரை.)

1861-ல் போர் தொடங்கியதும் தாமஸ் பிரவுன் என்ற மேஜர், நல்ல கிரீன்பிரையர் குதிரை ஒன்று பார்த்து வாங்கும்படி தம்பி ஜோசப்பிடம் சொன்னார். தம்பி அவர்களுடைய படைப்பிரிவில் குவார்ட்டர்மாஸ்டர், அதாவது தீவனம், வண்டி, துணிமணி என்று எல்லாக் கொள்முதலையும் பார்ப்பவர். ஊர் ஊராக விசாரித்து இந்தக் குதிரையைப் பிடித்தார். விலை தங்கக் கணக்கில் 175 டாலர். பெயர் கிரீன்பிரையர் என்று மாறியது. டிராவலர் ஆனது லீ கைக்குப் போன பிறகுதான். சாட்டையும் வேண்டாம், குதிமுள்ளும் வேண்டாம். மேலே ஆள் ஏறிய உடனே முன்னால் பாயத் துடிக்கும், கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால்தான் அடங்கும். கரடுமுரடான மலைப்பாதையிலும் மணிக்கு ஐந்து ஆறு மைல் நடந்தே போய்விடும். முகாம் முழுக்க அதன் நடையைப் பற்றித்தான் பேச்சு.

இந்த விவரமெல்லாம் தாமஸ் பிரவுனே 1886-ல் ரிச்மண்ட் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. விற்றவர் தரப்பின் வாக்குமூலம் அது, வியாபாரம் நடந்து இருபத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு எழுதியது. அதற்குள் லீ இறந்து, தென் மாநிலங்களில் சாமியாகிவிட்டார். சாமிக்குக் குதிரை கொடுத்தவர் எழுதும் கடிதத்தில் விபூதி வாசனை கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும். ஆனால் தொகைகளையும் மாதங்களையும் அவர் சொல்லும் விதத்தில் குவார்ட்டர்மாஸ்டர் வீட்டுப் பழக்கம் தெரிகிறது. அதனால் நான் அதை நம்புகிறேன்.

1861 இலையுதிர்காலத்தில் பிக் சூவல் மலையில் லீ அந்தக் குதிரையைப் பார்க்கிறார். பார்த்ததும் பிடித்துப்போகிறது. அதை ‘என் குட்டி’ என்று அழைக்கத் தொடங்குகிறார். போர் முடிவதற்குள் இதில் ஏறுவேன் என்று சொல்கிறார். ஜோசப் அதன்மேல் போகும்போதெல்லாம் நிறுத்தி, ‘என் குட்டி’ சௌக்கியமா என்கிற மாதிரி ஏதாவது விசாரிக்கிறார்.

உங்கள் இரண்டாவது கேள்வி இங்கேதான் குத்துகிறது. என் அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பேனா ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கும். மேலதிகாரி ஒருநாள் கையெழுத்துப் போட அதை வாங்கிவிட்டு, “நல்லா வழுக்கிட்டுப் போகுதேய்யா” என்றாராம். அடுத்த வாரமும் அதையே சொன்னார். மூன்றாவது வாரம் அப்பா வீட்டுக்கு வந்தபோது பையில் வேறு பேனா இருந்தது. அம்மா கேட்டதற்கு, “அவரா கேட்கவே இல்லை, நான்தான் கொடுத்தேன்” என்றார். எந்தத் தணிக்கையும் இதைப் பிடிக்காது. புகாரில் எழுத ஒரு வரிகூடக் கிடையாது.

ஆகவே லீயின் அந்த ‘என் குட்டி’ விளையாட்டுப் பேச்சு மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். சேனைத் தலைவர் ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் புகழ்ந்தால் அது பாதி விண்ணப்பம். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. முப்பது ஆண்டுக்கு மேல் அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்த மனிதர் அவர்.

ஆனால் அதற்கு அடுத்து நடந்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது. மலைப்போர் தோல்வியில் முடிந்தது. பத்திரிகைகள் லீயைப் ‘பாட்டி லீ’ என்று கிண்டல் செய்தன. அவரைத் தென் கரோலினாக் கடற்கரைக் காவலுக்கு அனுப்பினார்கள். பிரவுன் சகோதரர்களின் படைப்பிரிவும் பிறகு அங்கே போய்ச் சேர்ந்தது. பொகோடாலிகோ என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஜோசப் அதே குதிரைமேல் வருவதைக் கண்டதும் லீ அடையாளம் கண்டுகொண்டார். மறுபடியும் குட்டி விசாரணை. இந்த முறை ஜோசப், எடுத்துக்கொள்ளுங்கள், அன்பளிப்பு என்று சொல்லிவிட்டார். லீ உடனே மறுத்துவிட்டார். விற்கச் சம்மதம் என்றால் ஒரு வாரம்போல ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். குதிரை அவர் லாயத்துக்குப் போனது.

ஒரு வாரம் என்று போனது ஏறக்குறைய ஒரு மாதம் தங்கியது. இதையும் உங்கள் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் 1862 பிப்ரவரியில் குதிரை திரும்பி வந்தது, கூடவே ஒரு குறிப்போடு. குதிரை எனக்குப் பொருந்துகிறது. ஆனால் இப்படிப்பட்ட காலத்தில் இவ்வளவு விலையுள்ள மிருகத்தை என்னுடையதாக இல்லாமல் வைத்து ஓட்ட முடியாது. விற்க மனமில்லை என்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மிகவும் நன்றி என்பது அதன் சாரம். அப்பாவின் மேலதிகாரி பேனாவை இப்படி ஒரு சீட்டோடு திருப்பிக் கொடுத்திருந்தால், அப்பா அதைச் சந்தோஷமாக விற்றிருப்பாரோ என்னவோ.

உரிமையாளரான அண்ணன் தாமஸ் அப்போது வர்ஜீனியாவில் முகாம் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். என்ன செய்வது என்று தம்பி கடிதம் போட, அவர் உடனே பதில் எழுதினார்: இனாமாக வாங்கமாட்டார் என்றால், நான் கொடுத்த விலைக்கே கொடுத்துவிடு. லீ 200 டாலர் கொடுத்தார். 175 அசல். மீதி 25, செப்டம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் தங்கள் பணத்தின் மதிப்பு இறங்கிப்போனதற்கு ஈடாக லீயே சேர்த்தது. விற்றவர் கேட்கவில்லை.

இந்த இருபத்தைந்து டாலரைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். அன்றைய தென் மாநிலக் காலாட்படைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 டாலர். ஆகவே 25 டாலர் சில்லறைக் காசில்லை, ஒரு சிப்பாயின் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஆனால் முழு ஈடா என்றால், இல்லை. 175-க்கு 25 என்பது நூற்றுக்குப் பதினான்கு. அந்தக் குளிர்காலத்தில் தென் மாநிலக் காகிதப் பணத்தைக் கொடுத்துத் தங்கம் வாங்க வேண்டுமானால் நூற்றுக்கு இருபது, அதற்கு மேலும்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இருபது என்றே வைத்தாலும் 210 டாலர் வருகிறது. அதோடு, போர்க்காலத்தில் நல்ல குதிரைக்கு விலை ஏறிக்கொண்டே போகும். சந்தையில் நிறுத்தியிருந்தால் பிரவுனுக்கு அசலைவிடக் கணிசமாக அதிகம் கிடைத்திருக்கும்.

ஆக, தணிக்கை அறிக்கை இப்படித்தான் இருக்க முடியும். வாங்கியவர் சந்தை விலை கொடுக்கவில்லை. விற்றவர் கேட்ட விலைக்கு மேல் கொடுத்தார். விற்றவருக்கு லாபம் இல்லை, தங்கக் கணக்குப் பார்த்தால் சிறு நஷ்டம். ஊர் வாயை மூடுவதற்காக இதைச் செய்ததாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஊர் லீயின் குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை, அவருடைய தோல்வியைத்தான் பேசிக்கொண்டிருந்தது. கேட்காமலே தன் பக்கத்துப் பணம் இளைத்துவிட்டது என்று ஒரு தளபதி எண்ணிக் கொடுத்திருக்கிறார். 1862 பிப்ரவரியிலேயே! போர் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1863 தொடக்கத்தில் ஒரு தங்க டாலருக்கு மூன்று காகித டாலர் என்று ஆனது, 1865-ல் ஐம்பது அறுபது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அரசாங்கம் குதிரை கொடுக்காதா? பழைய அமெரிக்க ராணுவத்தில் அதிகாரி தன் குதிரையைத் தானே வாங்க வேண்டும். பதவிக்கு ஏற்ப இத்தனை குதிரைக்குத் தீவனம் என்று மட்டும் அரசு கொடுக்கும். போரில் இரண்டு பக்கமும் அதே வழக்கம். கிராண்ட் 1861-ல் இல்லினாய்ஸில் ஒரு படைப்பிரிவுக்குக் கர்னலாக நியமிக்கப்பட்டபோது, குதிரைக்கும் சீருடைக்கும் கையில் காசில்லாமல் கடன் வாங்கித்தான் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தைய மாதங்களில் தன் அப்பாவின் தோல் கடையில் எழுத்தர் வேலை பார்த்தவர்.

சாதாரணக் குதிரைப்படை வீரனின் நிலைதான் வேறு. வடக்கே அவனுக்கு அரசு குதிரை கொடுத்தது. 1863-க்குப் பிறகு வாஷிங்டனுக்குப் பக்கத்தில் கீஸ்பரோ என்ற இடத்தில் பல்லாயிரம் குதிரைகளைக் கட்டி வைக்கும் பெரிய லாயமே நடத்தினார்கள். தெற்கே வீரன் தன் வீட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். சேரும்போது அதற்கு ஒரு விலை மதிப்பிட்டுப் பதிவு செய்வார்கள். குதிரைக்கு நாளொன்றுக்கு 40 சென்ட் வாடகை. முப்பது நாளுக்குக் கணக்குப் போட்டால் 12 டாலர். குதிரைப்படை வீரனின் மாதச் சம்பளமும் 12 டாலர்தான். ஆளுக்கும் அவன் ஏறிய மிருகத்துக்கும் ஒரே கூலி!

சண்டையில் குண்டு பட்டுக் குதிரை செத்தால் பதிவேட்டில் உள்ள மதிப்பைக் கொடுப்பார்கள். நோயில் செத்தாலோ, ஓடி ஓடித் தேய்ந்து விழுந்தாலோ, எதிரி பிடித்துக்கொண்டு போனாலோ ஒரு காசு கிடையாது. வீரன் விடுப்பு வாங்கிக்கொண்டு ஊருக்கு நடந்துபோய் வேறு குதிரை தேட வேண்டும். கிடைக்காவிட்டால் காலாட்படைக்குத் தள்ளிவிடுவார்கள். குதிரையில்லாமல் முகாமில் சுற்றிக்கொண்டிருந்தவர்களின் கூட்டத்துக்குக் ‘கம்பெனி கியூ’ என்று கேலிப்பெயரே இருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத கம்பெனி.

பதிவேட்டில் உள்ள மதிப்பு என்றேன் அல்லவா? அங்கே நிறுத்திப் பாருங்கள். 1861-ல் 150 டாலர் என்று எழுதிய குதிரை 1864-ல் சுடப்பட்டால் அந்தப் பழைய எண்ணைத்தான் பார்ப்பார்கள். ஆனால் 1864-ல் 150 காகித டாலரை எடுத்துக்கொண்டு போனால் குதிரையின் வாலைக்கூடத் தொட விடமாட்டார்கள். விலை ஆயிரங்களில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவரிடம் வாங்கிய குதிரைக்கு ஐந்து மாதப் பண வீழ்ச்சியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்த தளபதியின் சேனையிலேயே, அவருக்காகச் செத்த குதிரைகளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. இது லீ போட்ட சட்டமில்லை, தலைநகர் ரிச்மண்டில் போட்டது. இருந்தாலும் தனி வியாபாரத்தில் ஒரு மனிதன் காட்டிய நாணயம் அவன் சேவை செய்த அரசின் கல்லாப்பெட்டிக்குள் நுழையவே இல்லை என்பதை நீங்கள் விட்டுவிட மாட்டீர்கள்.

நாணயம் என்ற சொல்லைப் போட்டுவிட்டதால் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சேனை காத்து நின்ற நாட்டில் மனிதர்களுக்கும் இதேபோல விலை எழுதிய பதிவேடுகள் இருந்தன. லீ தன் மாமனார் கஸ்டிஸின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தார். அந்தப் பண்ணைகளின் அடிமைகளை ஐந்து ஆண்டுக்குள் விடுதலை செய்ய வேண்டும் என்பது உயில். கடனை அடைக்க அவர்களிடம் இன்னும் வேலை வாங்க வேண்டும் என்று லீ அவகாசம் நீட்டிக் கேட்டு நீதிமன்றம் போனார். கிடைக்கவில்லை. 1862 டிசம்பர் 29-ல்தான் விடுதலைப் பத்திரம் எழுதினார். டிராவலருக்கு இருபத்தைந்து டாலர் கூட்டிக் கொடுத்த அதே 1862. அந்தக் கூட்டல் கணக்கைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டட்டும்.

அன்பளிப்பை மறுத்தார் என்று சொன்னேன். எப்போதும் அப்படித்தானா? அதுவும் இல்லை. 1862 ஆகஸ்ட் கடைசியில், இரண்டாம் மனாசஸ் சண்டை முடிந்த கையோடு, டிராவலர் பக்கத்தில் லீ நின்றுகொண்டிருந்தார். குதிரை திடீரென்று மிரண்டது. கடிவாளத்தை எட்டிப் பிடிக்கப் போனவர் தடுக்கி முன்னால் விழுந்தார். இரண்டு கையும் அடிபட்டது, ஒன்றில் எலும்பு முறிவு. கடிவாளம் பிடிக்க முடியாத தளபதி சில நாட்கள் ஆம்புலன்ஸ் வண்டியில் படையோடு போனார். அந்த இலையுதிர்காலத்தில் குதிரைப்படைத் தலைவர் ஜெப் ஸ்டூவர்ட், சாதுவான பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கி அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். லூசி லாங் என்று பெயர். லீ வாங்கிக்கொண்டார். ஸ்டூவர்ட்டும் அவருக்குக் கீழே இருந்தவர்தானே? ஆமாம். ஆனால் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் லீ தலைவராக இருந்தபோது மாணவராக வீட்டுக்கு வந்துபோன பையன். பழக்கம் இருந்தது, கை வலியும் இருந்தது. அதிகம் பழக்கமில்லாத குவார்ட்டர்மாஸ்டரிடம் வாங்கக் கூசியவர் இவரிடம் கூசவில்லை. எழுதி வைத்த விதி எதுவும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை, ஆளைப் பார்த்து முடிவு செய்தார். நம்மில் பெரும்பாலோர் செய்வதும் அதைத்தான். ஆனால் தணிக்கைக்கு அது பிடிக்காது.

விதிப்படி நடந்தவர் என்றால் அதே தரப்பின் ஸ்டோன்வால் ஜாக்சனைச் சொல்லலாம். 1861 மே மாதம் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் வடக்கின் ரயில் ஒன்று இவர்களிடம் பிடிபட்டது. பெட்டிகளில் கால்நடைகள், சில குதிரைகளும். ஜாக்சன் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். பெரியது தனக்கு, சின்னச் செந்நிறக் குதிரை மனைவிக்கு. பிடிபட்ட பொருள் அரசின் சொத்து என்று சொல்லி, குவார்ட்டர்மாஸ்டரிடம் விலையைக் கட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார். பெரிய குதிரையின் ஓட்டம் சரிவரவில்லை. மனைவிக்கென்று வாங்கிய சின்னதுதான் கடைசிவரை அவரைச் சுமந்தது. 1863 மே 2 இரவு சான்சலர்ஸ்வில்லில் சொந்தப் படையினரே ஆள் தெரியாமல் சுட்டபோது அவர் இருந்தது அதன்மேல்தான்.

போர்க்காலக் குதிரை அன்பளிப்புகளில் எனக்குச் சந்தேகம் வராதவை சாகக் கிடந்தவர்கள் கொடுத்தவை. அவர்களுக்குப் பதவி உயர்வும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். 1864-ல் செயின்ட் லூயிஸில் கடும் நோயில் இருந்த ஒருவர் கிராண்டை அழைத்து, தன் பெரிய குதிரையைக் கொடுத்தார். யார் கையிலும் அது கொடுமைப்படக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதுதான் சின்சினாட்டி. பிறகு அதற்குப் பத்தாயிரம் டாலர் தங்கமாகத் தருகிறேன் என்று ஒருவர் கேட்டும் கிராண்ட் கொடுக்கவில்லை என்று சொல்வார்கள்.

இதேபோல ஒன்று நம் ஆரணியிலும் நடந்தது. 1798 டிசம்பரில் பிரிட்டிஷ் படையின் பன்னிரண்டாம் ரெஜிமெண்டின் கர்னல் ஆஸ்டன் தனக்குக் கீழே இருந்த அதிகாரி ஒருவருடன் அங்கே துப்பாக்கிச் சண்டை போட்டுக் குண்டடிபட்டார். சாகும் முன் டயோமெட் என்ற தன் அரபுக் குதிரையை ஆர்தர் வெல்லஸ்லிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிற்காலத்து வெலிங்டன் பிரபு அவர். 1803 செப்டம்பர் 23-ல் அசாயே போரில் வெல்லஸ்லி அதன்மேல் இருந்தபோது மராட்டிய ஈட்டி குதிரையின் மேல் பாய்ந்தது. ஆரணிக் கோட்டைப் பக்கம் போகிற யாரும் இதை நினைப்பதில்லை.

கிராண்டைப் பற்றி இன்னும் ஒன்று. குதிரை பேரத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதிய கதை இருக்கிறது. எட்டு வயதில் ரால்ஸ்டன் என்பவரின் குதிரைக்குட்டிமேல் ஆசைப்பட்டார். அவர் 25 டாலர் கேட்டார், அப்பா 20-தான் பெறும் என்றார். பையன் விடவில்லை. அப்பா இறங்கிவந்து, முதலில் 20 சொல்லு, மாட்டேன் என்றால் இருபத்திரண்டரை சொல்லு, அதற்கும் மசியாவிட்டால் 25 கொடு என்று அனுப்பினார். பையன் போய் நின்று, அப்பா 20 சொல்லச் சொன்னார், நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இருபத்திரண்டரை, அதற்கும் இல்லாவிட்டால் 25 என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டான். விலை எங்கே முடிந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பையன்கள் ரொம்ப நாள் அவரைக் கேலி செய்தார்களாம்.

பேரம் பேசத் தெரியாத அந்தப் பையனும், கேட்காமலே 25 கூட்டிக் கொடுத்தவரும் 1865 ஏப்ரல் 9-ல் அப்போமட்டாக்ஸில் மெக்லீன் என்பவர் வீட்டு முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சரணடைவு நிபந்தனையை எழுதியவர் கிராண்ட். ஆயுதங்களும் பீரங்கியும் பொதுச் சொத்தும் ஒப்படைக்க வேண்டும். அதிகாரிகளின் இடுப்பு ஆயுதமும் சொந்தக் குதிரையும் சாமான்களும் அவர்களுக்கே. லீ படித்துப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: எங்கள் சேனையில் குதிரைப்படை, பீரங்கிப்படை வீரர்களின் குதிரைகளும் அவர்களுடைய சொந்தக் குதிரைகள்தான். அந்த வழக்கம் கிராண்டுக்குப் புதிது. எழுதியபடி பார்த்தால் அதிகாரிகளுக்கு மட்டும்தான் உண்டு என்றார். லீயும் காகிதத்தை மறுபடி பார்த்து, ஆமாம், அப்படித்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். கெஞ்சவில்லை.

கிராண்ட் கொஞ்சம் யோசித்தார். இவர்களில் பெரும்பாலோர் சின்ன விவசாயிகளாக இருப்பார்கள், இரண்டு சேனையும் மிதித்துப் போன நிலத்தில் குதிரையில்லாமல் அடுத்த குளிர்காலத்துக்கான பயிரை எப்படி வைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. எழுதியதை மாற்றவில்லை. குதிரையோ கோவேறு கழுதையோ என்னுடையது என்று சொல்கிற ஒவ்வொருவனும் அதை வீட்டுக்கு ஓட்டிப் போகலாம் என்று தன் அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். ரசீது காட்டு என்று கேட்கச் சொல்லவில்லை. உங்களுக்கு இது உறுத்தலாம். நாளுக்கு 40 சென்ட் வாடகை, பழைய பதிவேட்டு விலை என்று நான்கு வருடம் வீரனை வாட்டிய அந்த ஏற்பாடு கடைசியில் அவன் வீட்டுக்கு ஓர் உழவு மிருகத்தைத் திருப்பிக் கொடுத்தது. அரசாங்கம் வாங்கிக் கொடுத்த குதிரையாக இருந்திருந்தால் அது வடக்கின் லாயத்துக்குத்தான் போயிருக்கும்.

டிராவலருக்கும் அதே கணக்குதான். லீ வெளியே வந்து படியில் நின்றார். கடிவாளத்தைக் கழற்றி, குதிரையை முற்றத்துப் புல்லில் மேய விட்டிருந்தார்கள். ஏவலாள் அவசரமாகக் கடிவாளத்தை மாட்டினான். கழுத்துப் பட்டையை அவன் பூட்டிக்கொண்டிருக்கும்போதே லீ கையை நீட்டி, நெற்றிப்பட்டைக்கு அடியில் சிக்கியிருந்த முன்மயிரை வெளியே இழுத்து, இரண்டாக வகிர்ந்து, தடவிச் சரிசெய்தார். பிறகு ஏறினார். நிபந்தனைப்படி அது அதிகாரியின் சொந்தக் குதிரை. முற்றத்தில் நின்ற வடக்கு அதிகாரிகள் யாரும் அதைத் தடுக்கவில்லை.